உன் ஆபீஸ் வருவதற்குள்

தம்பி, இதைக் கார் ஓட்டிக்கொண்டே படிக்காதே. அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் நீ என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்து, இன்ஜினை அணை, அப்புறம் படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் போனில் நான் எதையாவது முக்கியமாக ஆரம்பித்தால், சரியாக அந்த நேரம் பார்த்து உனக்கு ஒரு சிக்னல் வரும், ஒரு லாரி குறுக்கே வரும். "ஒரு நிமிஷம்மா" என்பாய். அந்த நிமிஷம் முடிவதற்குள் உன் ஆபீஸ் வந்துவிடும். "சரிம்மா, வந்துட்டேன், வெக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் ஆபீஸ் வராது. எழுதி முடித்ததும் நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கை நடுங்கி எழுத்து கலங்கியிருந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

இன்று உங்கள் ஊரில் லீவு. லீவு நாளில் நீ ஆபீசுக்குக் கார் எடுப்பதில்லை, அதனால் எனக்குப் போனும் வருவதில்லை. தெரிந்திருந்தும் வழக்கம்போல அஞ்சு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, இங்கேதான் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். இன்றைக்குப் போன் பேச இல்லை, சும்மாதான் வந்தேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்து, மடியில் உன் பழைய பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்றுத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்தது. முதல் தண்ணீருக்கே உரிய குப்பையும் செத்தையும் மதகுக்கடியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. டிராக்டரில் அந்தப் பக்கமாகப் போன செல்வம், "என்ன பெரியம்மா, கனடா லைன் கிடைக்கலியா? லெட்டர் போட ஆரம்பிச்சிட்டீங்க?" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போகிறான். போடா, உன் வேலையைப் பார் என்றேன்.

நேற்று நீ சொன்ன செய்திக்கு வருகிறேன். ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கியாகிவிட்டது, அடுத்த மாதம் குடிபோகிறோம், இனிமேல் நடந்தே போய்விடலாம், முக்கால் மணி நேரம் கார் ஓட்டுகிற பிழைப்பு முடிந்தது என்று சொன்னாய். உன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்று நானும் சொன்னேன். பொய் இல்லை, மனசாரத்தான் சொன்னேன். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் கண்ணாடி மாதிரி படிகிற பனியை நினைத்து எத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் போனை வைத்த பிறகு மொபெட்டை ஸ்டார்ட் பண்ண மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் மிச்சம் என்று நீ சொன்னாயே, அது எந்த முக்கால் மணி நேரம் என்று யோசித்தாயா தம்பி? எனக்கு உன்னோடு இருந்ததே அந்த முக்கால் மணி நேரம்தான்.

உங்கப்பா போன மறு வருஷம் நீ கிளம்பினாய். முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவாய். நீயும் சுகன்யாவும் சோபாவில் போட்டோவுக்கு உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். நானும் தலையைச் சீவிக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு இந்த மதகில் வந்து உட்காருவேன். "சாப்டியாம்மா?" "சாப்டேன், நீங்க?" "மழை உண்டா?" "இல்லப்பா." அதற்குமேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைவிட அதிகம் பேசிக்கொள்வார்கள். அப்புறம் நீ லைசென்ஸ் எடுத்தாய். பள்ளிக்கூடம் படிக்கும்போதே வயலில் டிராக்டர் ஓட்டியவன் நீ. அங்கே முதல் டெஸ்டில் பெயிலாகிவிட்டு வந்து, "ஆளே இல்லாத ரோட்டுல பலகை வெச்சிருக்கான்னு முழுசா நிக்கணுமாம்மா! மெதுவாத்தான் போனேன், அதுக்குப் போயி பெயிலாக்கிட்டான்" என்று புலம்பினாய். நம்மூரில் ஆள் இருந்தாலே நிற்கமாட்டோம், ஆள் இல்லாத ரோட்டில் நிற்கச் சொன்னால் எப்படி நிற்பாய் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதன்முதலில் காரிலிருந்து நீ பேசிய சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வண்டி ஓட்டும்போது போன் பேசாதே என்று கத்தினேன். கையில் இல்லை, காரே பேசுகிறது என்றாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடுநடுவே டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறான், சுவர்க் கடிகாரம் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். திரும்புவதற்குப் போடுகிற லைட்டின் சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நீ பேசினாய் பார், அதுதான் பேச்சு. முகம் தெரியாததாலோ, கையும் கண்ணும் வேலையில் இருந்ததாலோ என்னவோ, மனசில் இருந்ததெல்லாம் வந்தது. மேலதிகாரி முறைத்தது, மீட்டிங்கில் உனக்கு வார்த்தை வராமல் நின்றது, கடையில் கத்தரிக்காயைப் பார்த்து அழுகை வந்தது, அப்பா இருந்திருந்தால் இந்தக் காரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்பது. குறுக்கே வந்தவனை "எருமை, எருமை" என்று திட்டினாய். ஹாரன் அடிக்க முடியாத ஊரில் கோபத்தையெல்லாம் என்னிடம்தான் கொட்டினாய். எனக்கு அது தேவாரம் கேட்பது போல இருந்தது, சிரிக்காதே.

அன்றிலிருந்து என் நாளே அந்த நேரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. நடவு நடந்தாலும், களை எடுத்தாலும், ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், அஞ்சு மணிக்கு நான் கரையேறிவிடுவேன் என்று. "பெரியம்மாவுக்கு போன் டூட்டி" என்று அவர்களே என்னை அனுப்பிவைப்பார்கள். முதல் வருஷம் உங்கள் ஊரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்களே, அது தெரியாமல் நான் பட்ட பாடு! அஞ்சு மணியாகி, அஞ்சரையாகி, இருட்டியும் போன் வரவில்லை. இந்த மதகில் நின்றுகொண்டு கும்பிடாத சாமியில்லை. சுகன்யாவைக் கூப்பிட்டு, "எம்புள்ளைக்கு என்னாச்சு?" என்று அலறினேன். அவள் அடுப்படியிலிருந்து, "அத்தை, அவரு இன்னும் குளிச்சே முடிக்கல" என்றாள். குளிர்காலம் முழுக்க ஆறு மணி, கோடைக்காலம் முழுக்க அஞ்சு மணி என்று அப்புறம் பழகிக்கொண்டேன். குறுவை, தாளடி மாதிரி அதுவும் ஒரு போகக் கணக்கு.

வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் உனக்குச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் என் முதல் வார்த்தையை மொபெட்டிடம்தான் சொல்கிறேன். "கிளம்புடி" என்பேன். ஆட்கள் இருக்கிற நாளில் பேச்சு இருக்கும். ஆட்கள் இல்லாத நாளில் சாயங்காலம் நீ கூப்பிடும்போது என் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். "சளியாம்மா?" என்று கேட்பாய். ஆமாம் என்பேன். சளி இல்லை தம்பி, அன்றைக்கு அதுவரைக்கும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

போன வருஷம் உளுந்து எடுத்த கையோடு என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாய். முக்கால் மணி நேரத்துக்கே இப்படிப் பூரித்தவள், மாதக்கணக்கில் பிள்ளையோடு இருக்கப்போகிறோம் என்று எப்படிப் பறந்திருப்பேன், நினைத்துப் பார். வந்து இறங்கிய அன்றைக்கே, எதிரே வருகிற வண்டியெல்லாம் என் மேலேயே வருவது போல இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். நம்மூரில் இடது பக்கம் போகிறவள், அங்கே வலது பக்கம் போவதைப் பழகக் கொஞ்ச நாளாயிற்று. ஆனால் வேறொன்று பழகவே இல்லை. பாலுக்குக் கார், கோயிலுக்குக் கார், கொத்தமல்லிக்குக் கார். நடந்து போகலாம் என்றால் போகிற இடமே இல்லை. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் மொபெட்டிலேயே போய் உரம் ஏற்றிக்கொண்டு வருகிறவள் நான். அங்கே யாராவது ஏற்றினால் ஏறி, இறக்கினால் இறங்குகிற மூட்டையாகிவிட்டேன். உங்கள் தெருவில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கார் போகும், கார் வரும். ஆள் வரமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். கோயிலுக்குப் போகிறோம். நான் முன் சீட்டில், சுகன்யாவும் குழந்தையும் பின்னால். உங்கள் தெரு முனையில் உயரமான வேலிச் செடி வளர்ந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாது. நீ சத்தம் காட்டாமல் நழுவிப் போகிறாய். எனக்குப் பதறியது. நம்முடைய காவிரிக் கரைச் சாலையில் மூங்கில் குத்துக்குப் பக்கத்து வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்புகிறவனை மனுஷ ஜாதியில் சேர்ப்போமா? நான் வருகிறேன், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே திரும்ப வேண்டும்? உன் கை போகவில்லை, என் கை போய்விட்டது. எட்டி ஒரு அமுக்கு அமுக்கினேன். நம்மூர் அமுக்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் தூக்கிவாரிப்போட்டு நின்றார். நாய் குரைத்தது. நீ கண்ணாடியை இறக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டாய். அவர் என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு நீ கத்தினாய். "அம்மா! இங்க ஹாரன் அடிக்கிறது மூஞ்சில துப்புற மாதிரிம்மா! ஒனக்கு எத்தன தடவ சொல்றது?" நீ அதற்கு முன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பின்னாலிருந்து குழந்தை, "அப்பாயி ஏன் அந்தத் தாத்தாவ திட்டுனாங்க?" என்று கேட்டது. திட்டவில்லையடி கண்ணு, வழி சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன்.

அடுத்த தடவை நானாகப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். "முன்னாடி வாம்மா" என்றாய். பரவாயில்லைப்பா, குழந்தைகூட உட்கார்ந்துக்கிறேன் என்றேன். நீயும் விட்டுவிட்டாய். அதற்கப்புறம் காரில் என்னை வைத்துக்கொண்டு நீ பேசவே இல்லை. கோபம் இல்லை என்று தெரியும். ஆனாலும் உன் பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். டிக் டிக் என்று சத்தம் வரும், வண்டி திரும்பும், அவ்வளவுதான். காலையில் நீ காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுவாய். சாயங்காலம் வந்தால் முகத்தில் களைப்பு அப்பியிருக்கும். "சாப்டியாம்மா?" "சாப்டேன்ப்பா." பழையபடி அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவே திரும்பி வந்துவிட்டது. எந்தப் பிள்ளையிடம் தினமும் பேசினேனோ அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று, உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே உன்னைத் தேடினேன். அந்த மாதிரி தனிமையை நான் இந்த மதகில்கூட அனுபவித்ததில்லை. அவ்வளவு கஷ்டமாக இருந்தது, தம்பி.

அப்புறம் ஒரு நாள் காலையில், நீ கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்தால் நீ. "அம்மா, என்ன பண்ற? வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டேய், நான் ஒன் வீட்ல ஒன் சோபாலதானேடா ஒக்காந்திருக்கேன்!" என்றேன். "கார்ல ஏறினதும் கை தானா ஒன் நம்பருக்குப் போயிருச்சும்மா" என்றாய். சிரித்தோம் பார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். சரி, போன் போட்டது போட்டதுதான் என்று நீ பேச ஆரம்பித்தாய். வேலையில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பயத்தை அன்றைக்குத்தான் சொன்னாய். அந்த நாய்க்காரப் பெரியவரைத் தெருவில் பார்த்ததைச் சொன்னாய். எங்கம்மா ஊரில் வளைவில் ஹாரன் அடித்தால் எச்சரிக்கை என்று அர்த்தம் என்று விளக்கியதும், அவர் சிரித்துவிட்டு உங்கம்மாவைக் கேட்டதாகச் சொல் என்றாராம். "நீ அடிச்சதுக்கு எனக்கு வெக்கமா இல்லம்மா. புள்ள முன்னாடி ஒங்கிட்ட கத்துனேன் பாரு, அதான்" என்றாய். வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்து உன்னால் சொல்ல முடியாததை, காரில் உட்கார்ந்து சொன்னாய். நான் ஊர் திரும்புகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. நீ காரிலிருந்து கூப்பிடுவாய், நான் உன் வீட்டு சோபாவிலிருந்து பேசுவேன்.

ஆனால் அந்த முதல் நாள் நடந்த இன்னொன்று உனக்குத் தெரியாது. நான் சிரிக்கிற சத்தம் கேட்டு சுகன்யா வந்து, "யாரு அத்தை போன்ல?" என்றாள். "ஒன் வீட்டுக்காரன்தான்" என்றேன். "இப்பதானே வெளில போனாரு!" என்று அவளும் சிரித்தாள். நீ வைக்கிற வரைக்கும் பாத்திரம் கழுவுகிற மாதிரி அங்கேயே நின்றாள். அப்புறம் மெதுவாக, "எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா அத்தை" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. மழை பெய்து நாளாயிற்று என்று சொல்வோமே, அந்த மாதிரி சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவளும் தினமும் அந்த ஜன்னலில்தான் நிற்கிறாள். கார் போவதையும் வருவதையும் பார்க்கிறாள். பிள்ளையைப் பள்ளியில் விட, கூட்டிவர என்று அந்தப் பனியில் அவளும்தான் கார் ஓட்டுகிறாள். அவள் எங்கள் யாரையாவது கூப்பிட்டு எருமை என்று கத்தியிருக்கிறாளா?

அதனால் புது வீட்டுக்குப் போனதும் காலையில் மிச்சமாகிற நேரத்தில் காபியை உட்கார்ந்து குடி. அவளையும் உட்காரச் சொல். முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லையென்றால், இரண்டு பேருமாகக் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது சும்மா போய் வாருங்கள். நீ ஓட்டாதே, அவள் ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் உனக்குப் பேச்சு தானாக வரும். எதுவும் கற்றுக்கொடுக்காதே, ஸ்டியரிங் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. கையைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பார்த்தாயல்லவா.

கீழ்த்தளத்தில் உனக்கென்று ஒரு ரூம் இருக்கும்மா, வந்துவிடு என்று நேற்று சொன்னாய். யோசித்தேன். கால் ஓடுகிற வரைக்கும் இங்கேயே இருக்கிறேன். அங்கே வந்தால் நீ பக்கத்து ரூமில் இருப்பாய். இங்கே இருந்தால் நீ என்னோடு பேசுவாய். முட்டாள்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் இரண்டு பேருக்கும் அப்படித்தானே அமைந்திருக்கிறது?

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நேரம் முழுவதையும் சுகன்யாவுக்கே கொடுத்துவிடு, என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று பெரிய மனுஷியாக எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் எழுதியாகிவிட்டது, அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. நான் அவ்வளவு பெரிய தியாகி இல்லை. எனக்கு வேண்டும், தம்பி. கொஞ்சமாவது வேண்டும்.

இருட்டப் போகிறது, இனிமேல் எழுத்து தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடந்து போகிறேன் என்றாயே, போனை எடுத்துக்கொண்டு நட. இரண்டு தெருவில் எவ்வளவு பேச்சு அடங்குமோ அவ்வளவு போதும். பேச ஒன்றும் இல்லாத நாளில் பேசவும் வேண்டாம். வளைவில் ஒரு ஹாரன் அடிப்போமே, இந்தப் பக்கம் நான் வருகிறேன் என்று, அந்த மாதிரி அம்மா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். உன் மூச்சும், பனியில் உன் பூட்ஸ் நொறுங்குகிற சத்தமும் எனக்குக் கேட்டுவிடும். டிக் டிக் சத்தத்தைப் பழகிக்கொண்ட மாதிரி அதையும் பழகிக்கொள்வேன். மழையோ வெயிலோ, நான் இந்த மதகில்தான் இருப்பேன்.

இரண்டே தெருதான் என்கிறாய். கொஞ்சம் மெதுவாக நட.

உன் அம்மா